ஐந்தாவது நாற்காலி

எங்கள் சாப்பாட்டு மேசை நான்கு நாற்காலிகளோடு வந்தது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். பத்தொன்பது வருடங்களாக இது யாருக்கும் உறுத்தியதில்லை, எனக்கும்தான். நான்தான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேனே. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் மூவரும் கேட்டபோது, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போதும் என்றேன். சிரித்துவிட்டுப் பட்டுப்புடவை எடுத்து வந்தார்கள். நாற்காலியை நானே கடையில் வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன்.

பிறந்தநாள் மதியம் சமையலை மேசையில் பரப்பிவிட்டு, என் நாற்காலியை அடுப்படிக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"வழி அடைக்குதேம்மா," என்றான் பெரியவன் முகிலன்.

"சுத்திப் போங்கடா."

அவரவர் போட்டுக்கொண்டார்கள். என் கணவர் ரசத்துக்காகத் தலையைத் தூக்கினார். பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். என் தட்டில் சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

உள்ளே குக்கரில் பாயாசத்துக்கான பாசிப்பருப்பு. முதல் விசில் வந்தது. இரண்டாவதும் வந்தது.

"மூணு வந்ததும் அணைச்சிடணும். இல்லேன்னா குழைஞ்சு போயிடும்," என்றேன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

மூன்றாவது விசில் வந்தது. நான்கு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பிசைய ஆரம்பித்தேன்.

நான்காவது விசிலுக்குச் சற்று முன்னால், ஒரு நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. யாருடையது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.