ஓசி ஆம்புலன்ஸ்

“கொஞ்சம் மெதுவா முனகுங்கய்யா, பால்வண்டிக் குதிரை மிரளுது!” என்று முன்னாலிருந்து கத்தினான் ஓட்டுநர் ஆல்ஃப்.

கவுன்சிலர் ஈனாக் ஹாவர்த் இன்னும் உரக்க முனகினார். வயிற்றில் ஒரு வலியும் இல்லை. காலையில் தின்ற மீன் சுகமாகச் செரித்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை தொடங்கி ஒரு வருஷம். ஓக்கன்ஷா ஊரில் ஆம்புலன்ஸ் நகராட்சியின் பொறுப்பு. யார் கூப்பிட்டாலும் இலவசம். ‘ஓசி என்றால் ஜனங்கள் பஸ் மாதிரி ஏறுவார்கள்’ என்பது ஹாவர்த்தின் வாதம். இருக்கிற இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்லி இன்று சாயங்காலம் தீர்மானம் கொண்டுவருகிறார். சாட்சி வேண்டுமே! பொய்யாக ஃபோன் செய்தார். ஒரு கேள்வி கேட்காமல் தூக்கி வந்துவிட்டார்கள்.

வழியில், காலில் பெரிய கட்டோடு ஒரு பெண்மணியையும் ஏற்றி எதிரே படுக்க வைத்தார்கள்.

வண்டி ஒரு திருப்பத்தில் குலுங்கியது. அவளுடைய தொப்பி உருண்டது. துள்ளி எழுந்து, ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“மாட்டினியா!” ஹாவர்த் எழுந்து உட்கார்ந்தார். “முறிஞ்ச காலோட ஓட்டப்பந்தயமா? நான் கவுன்சிலர் ஹாவர்த். பொய் நோயாளிங்களைப் பிடிக்க வந்தவன்!”

“உங்க வயித்து வலி எங்க சார் போச்சு?” என்றாள் அவள். “நான் மிஸ் டாட்டர்சால். லண்டன்லேர்ந்து வந்த ஆய்வாளர். நானும் அதுக்குத்தான் வந்தேன்.”

ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“ஒரே வண்டியில ரெண்டு பொய் நோயாளி!” ஹாவர்த் தொடையில் தட்டினார். “தீர்மானம் ஜெயிச்சாச்சும்மா! எப்படி ஏமாந்தானுங்க பாருங்க!”

வண்டி நின்றது. கதவு திறந்தது. எதிரே நகராட்சிக் கட்டடத்தின் பின்வாசல்.

“ஏய், ஆஸ்பத்திரி எங்கப்பா?”

ஆல்ஃப் பணிவாகத் தொப்பியைக் கழற்றினான். “ஆம்புலன்ஸ் ரெண்டும் நிஜ நோயாளிங்களைக் கூட்டிவரப் போயிருக்குங்கய்யா. கவுன்சில் கூட்டத்துல கேட்டுக் கேட்டு, உங்க குரல் ஃபோன் எடுக்கிற பொண்ணுக்கு மனப்பாடம். இந்தம்மா நேத்து டவுன்ஹால் டான்ஸ்ல கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடினதை நானே பாத்தேன்.”

“அப்போ… இது என்ன வண்டி?”

“நகராட்சிப் பொணவண்டிங்கய்யா. பன்னெண்டு வருஷமா ஓட்டுறேன். இதுல ஏறி முனகினது நீங்கதான் முதல்!”