இங்கு தமிழ் பேசக் கூடாது

“யூ டிட் நாட் அன்ப்ளக் த ஃப்ரீசர்?”

“எஸ் சார்.”

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். பதினோராவது நாளாக அதே கேள்வி, அதே பதில்.

செருப்புக் கடை மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. மாஸ்டர் போடுகிற சத்தத்தில் கீழே பெட்டிக்குள் இருக்கும் செருப்புகள் தாமாகவே ஜோடி மாறிவிடுகின்றன என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். சுவரில் ‘இங்கு தமிழ் பேசக் கூடாது’ என்று ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. மீறினால் பத்து நிமிடம் வராந்தாவில் நிற்க வேண்டும். தும்மலைக்கூட இங்கிலீஷில்தான் தும்ம வேண்டும். மாஸ்டருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

‘எஸ் சார்’ ஆசாமி மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர். ஐம்பது வயது. ஒரு மத்தியான நேரத்தில் கிடங்கு ஃப்ரீசரின் ப்ளக்கை யாரோ பிடுங்கிவிட, உள்ளே இருந்த தடுப்பூசி மருந்து அத்தனையும் பாழ். அப்போது அந்த அறைக்குள் போய் வந்தவர்கள் இரண்டே பேர்: இவர், அப்புறம் பெருக்குகிற அம்மா. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வருகிறார். அவருக்கு இங்கிலீஷைத் தவிர வேறு காற்று ஆகாது. இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போவது நிச்சயம்.

சேர்ந்த அன்றே இவர் கிடங்கில் கொடுத்த விசாரணை மெமோவை நீட்டி, “சார், அந்த அதிகாரிகிட்ட நான் என்ன சொல்லணும்னா…” என்று ஆரம்பித்தார்.

மாஸ்டர் பலகையைக் காட்டினார். “நோ டமில்!”

மெமோவைப் படித்தார். எல்லாம் விளங்கிவிட்டது. ஓர் அப்பாவியைக் காப்பாற்றப் போகிறோம் என்ற பூரிப்பில் நெஞ்சு விரிந்து, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து எதிர்ச்சுவரில் பட்டது.

அன்று விரிந்த நெஞ்சுதான் இன்று காற்றுப் போன டயராகக் கிடக்கிறது.

“அண்ணே, காதைத் திறந்து வச்சுக் கேளுங்க. ‘நீங்க பிடுங்கலையா?’ன்னு தமிழ்ல கேட்டா, ‘ஆமா, பிடுங்கல’ம்போம். அதே பழக்கத்துல இங்கிலீஷ்ல ‘எஸ்’னு சொன்னீங்க, ‘ஆமா, பிடுங்கினேன்’னு ஆயிரும். தூக்குக் கயித்துக்கு நாமளே கழுத்தை அளவு குடுக்கிற மாதிரி. பிடுங்கலேன்னா ‘நோ’. விளங்குச்சா?”

அவர் பாவமாகத் தலையாட்டினார்.

“யூ டிட் நாட் ஈட் லன்ச்?”

“நோ சார்.” உண்மைதான். பத்து நாளாக அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

“சபாஷ்! யூ டிட் நாட் கம் பை பஸ்?”

“நோ சார். வாக்கிங்.”

“அப்படிப் போடு! யூ டிட் நாட் அன்ப்ளக் த ஃப்ரீசர்?”

“எஸ் சார்.”

பின்வரிசையில் இருந்த பியூட்டி பார்லர் அக்காவால் பொறுக்க முடியவில்லை. “மாஸ்டர், ஃப்ரீசர்னு சொன்னாலே அவருக்கு நாக்கு உறைஞ்சு போகுது!” என்றாள். அன்றைக்கு மூன்றாவது தடவையாக வராந்தாவுக்குப் போனாள்.

“சார், அது வந்து…” கிடங்குக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நோ டமில்! லிசனிங்!”

மாஸ்டருக்கு உலகமே வெறுத்துவிட்டது. “டீ வேணாமா?” என்று கேட்ட மனைவியிடம் வகுப்புப் பழக்கத்தில் “நோ, ஐ டோன்ட்” என்று சொல்லிச் சொல்லியே, மூன்று நாள் டீ இல்லாமல் கிடந்தார்.

வியாழக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தார். வகுப்பையே வட்டமாக உட்காரவைத்து, ஆளாளுக்குக் கிடங்குக்காரரிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்க வைத்தார். இருநூறு தடவை! நூறு தடவைக்கு மேல் அவருடைய ‘எஸ்’ தேய்ந்தது. நூற்றைம்பதில் வெறும் மூச்சானது. கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னார்:

“நோ சார். ஐ டிட் நாட்.”

கைதட்டலில் கூரை ஓடு இரண்டு இடம் மாறியது. அவர் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று மாஸ்டர் முடிவுகட்டினார்.

சனிக்கிழமை மாலை அவர் வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னண்ணே ஆச்சு? இன்னைக்கு ஒரு நாள் தமிழ்லயே சொல்லுங்க, மன்னிச்சு விட்டேன்!”

“நீங்க கேட்ட மாதிரியே கேட்டார் சார். வாய் பழகிப் போச்சு, ‘நோ’ன்னு அதுவா வந்துருச்சு. கை குலுக்கினார்.”

“அடி சக்கை!”

“அடுத்து பெருக்குற அம்மாவைக் கேட்டார். அந்தம்மா கும்பிட்டுக்கிட்டே ‘எஸ்’னு சொல்லிட்டாங்க. கையோட கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டாங்க. பதினாறு வருஷம் பெருக்கினவங்க சார்.”

“அவங்க இங்கிலீஷ் வகுப்புக்கு வரலை, நீங்க வந்தீங்க. வேலை நின்னுச்சா இல்லையா, அதைப் பாருங்க!”

“உங்க விதி எனக்கு மொத நாளே விளங்கிருச்சு சார்,” என்றார் அவர், மெதுவாக. “செல்லுக்கு சார்ஜ் போட அந்த ப்ளக்கைப் பிடுங்கினது நான்தான், அதை அதிகாரிகிட்ட இங்கிலீஷ்ல ஒத்துக்கத்தான் உங்க வகுப்புக்கே வந்தேன்.”