பட்டனைக் காணோம்

“பட்டனைக் காணோமுங்க!”

சுஷ்மா சொன்னதும் முனீஸ்வரன் அவசரமாகக் குனிந்து தன் சட்டையைத் தடவிப் பார்த்தார்.

“சட்டையில இல்லீங்க, உங்க வெப்சைட்டுல!” என்று சிரித்தாள் சுஷ்மா.

டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் முனீஸ்வரன். பள்ளிவாசல் என்ற மலையூரில் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே தொடங்கியிருந்தார். சீசன் வந்தும் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் எருத்தேன்பதியிலிருந்து, வெப்சைட் வேலை தெரிந்த சுஷ்மாவை வரவழைத்திருந்தார்.

“டிவியில போட்டுப் பாத்தா அம்புட்டு ஜோரா வருதேம்மா?”

“பெரிய ஸ்கிரீன்ல நல்லாத்தானுங்க வருது. ஊர் சுத்த வர்றவங்க எல்லாரும் போன்லதானுங்க பாப்பாங்க? அதுல உங்களைக் கூப்பிடுற பட்டனே வரலை. ஸ்கிரீன் சின்னதானா பக்கமும் அதுக்குத் தக்கன மாறோணுமுங்க.”

முனீஸ்வரனிடம் இருந்தது பேச மட்டுமே ஆகிற பழைய போன். அவருக்கு இதெல்லாம் புதுச் செய்தி.

அவர் மனைவி கற்பகம் டீ கொண்டுவந்து வைத்தாள். எஸ்டேட் கேண்டீனில் காலமெல்லாம் சமைத்துவிட்டு, போன வருஷம்தான் கரண்டியைக் கீழே வைத்தவள்.

“ஏன் தாயி, டிவியில வந்தா பத்தாதா?”

“பத்தாதுங்கம்மா.”

“உனக்கு என்ன தெரியும்?” என்றார் முனீஸ்வரன். “ஆளு வரட்டும், நான் ஜீப்புல மாட்டுப்பட்டி டேம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். நீ மூணு வேளையும் வகைவகையா ஆக்கிப் போடு. அசந்துர மாட்டானுங்க?”

கற்பகம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுஷ்மா மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற படங்கள், போனில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. எழுத்து பெரிதானது. கட்டைவிரல் படுகிற இடத்தில் பச்சைப் பட்டன் ஒன்று பளிச்சென்று உட்கார்ந்தது. தன் போனில் பார்த்தாள், டேப்லெட்டில் பார்த்தாள், கற்பகத்தின் போனையும் வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கச்சிதம்.

மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் முனீஸ்வரனின் போன் அடித்தது.

“வரணும், வரணும் சாரே! சாப்பாடா? எந்தா வேண்டியது, எல்லாம் உண்டு!”

திருச்சூர்க் குடும்பம். போனை வைத்த கையோடு பெங்களூரிலிருந்து இன்னொன்று. சாயங்காலத்துக்குள் மாதக் கடைசிவரை அறைகள் நிறைந்துவிட்டன. முனீஸ்வரன் ஜீப்பைக் கழுவ ஓடினார்.

சுஷ்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கற்பகம் வாசல்வரை வழியனுப்ப வந்தாள்.

“பாத்தீங்களாம்மா? முன்ன செஞ்ச ஆளு அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு தப்புனால எத்தனை பேரு வராமப் போயிட்டாங்க!”

கற்பகம் ஜீப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அந்தப் பையனைக் கெஞ்சிக் கூத்தாடிப் பட்டனை மறைக்க வச்சதே நான்தான் தாயி!”