வீட்டுக்கு ஒரு ஆள்

பங்கிராஸ் மூட்டையை மூன்றாவது தடவையாக அவிழ்த்தான். அவல், வெல்லம், மூன்று படி அரிசி, கால் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய், ஒரு கட்டு மெழுகுவர்த்தி, மழைக்குப் போர்த்த ஒரு சாக்கு. எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிட்டு, கனம் ஒரு பக்கம் சாயாதபடி மறுபடி அடுக்க ஆரம்பித்தான்.

அவன் மனைவி வியாகுலமேரி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். பார்க்கப் பொறுக்காமல் குடத்தை எடுத்தாள். வீட்டில் இரண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

ஆவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு எண்பத்தைந்து மைல். செங்கிப்பட்டி, தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர் என்று ஐந்து நாள் நடை. மாதா திருவிழாவுக்கு நடந்துபோகும் கூட்டத்துக்குப் பங்கிராஸின் அண்ணன் மரிய அந்தோணிதான் தலைவர். நாளை விடிந்தால் புறப்பாடு.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் நோட்டும் பென்சிலுமாக வந்திருந்தார்.

"வீட்டுக்கு ஒரு ஆளுதான்டா. போன வருசம் குடும்பம் குடும்பமாக் கெளம்பி, தஞ்சாவூரு தாண்டறதுக்குள்ள பாதிப் புள்ளைங்க எந் தோள்ல. பொங்கிப் போட மேலத்தெரு அருள்ராணி வருது, இன்னும் ஏழெட்டுப் பொம்பளைங்க இருக்காங்க. திரும்பி வர ரயிலுக்கு மூணு ரூவா தனியா முடிஞ்சுக்கணும். நயா பைசாவாக் கொட்டி என் உசுர வாங்காதீங்க, அந்தக் கணக்கு எனக்கு இன்னும் புடிபடல."

"சரிண்ணே. எங்க வீட்டுல ஒரு ஆளுன்னு எழுதிக்கங்க" என்றான் பங்கிராஸ்.

மேரி வாயைத் திறப்பதற்குள் நோட்டு மூடிவிட்டது.

சித்திரையில் அவர்களுடைய நாலு வயது மகள் செசிலி டைபாய்டு காய்ச்சலில் கிடந்தாள். திருச்சி ஆஸ்பத்திரியில், பங்கிராஸ் பக்கத்தில் நிற்க, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டியது மேரிக்கு இன்னும் காதிலேயே இருந்தது. 'மாதாவே, இது எந்திரிச்சு ஒக்காந்தா எங் காலால நடந்து வாரேன்.'

எங் காலால என்றுதான் சொன்னாள். புருஷன் காலால் என்று சொல்லவில்லை. வேண்டியவள் வீட்டில் இருக்க வேறொருவர் நடந்தால் நேர்ச்சை தீருமா? தீராமல் போய், பிள்ளைக்கு மறுபடி உடம்பு சுட்டால்? அன்று காலையிலிருந்து செசிலியின் நெற்றியை நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டாள்.

அவனிடம் கேட்டிருக்கலாம். பிள்ளையை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது என்பான். அதனால் ஒரு வாரமாகத் தண்ணீருக்குப் போகிற சாக்கில் மாதா கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எண்பத்தைந்து மைலுக்கு எத்தனை சுற்று என்று தெரியவில்லை. முந்நூறு வரை எண்ணியவள், யாரோ கூப்பிட்டதில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

அவள் கோயிலைச் சுற்றினால் அவன் அடுப்படியைச் சுற்றினான்.

"ஏ மேரி, ஒலை கொதிச்சப்புறந்தானே அரிசியப் போடணும்? உப்பு ஒரு கையா, அரைக் கையா?"

அன்று மத்தியானம் அவனே குழம்பு வைத்தான். செசிலி ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, கடல் தண்ணி!"

"நீ எங்கடி கடலப் பாத்த?"

"ரோட்டோரத்துல இப்புடி வச்சுக் குடுத்தா, கூட வர்றவுங்க பாதி வழியிலயே திரும்பிருவாங்க" என்றாள் மேரி. குரலில் இருந்த எரிச்சல் குழம்பைப் பற்றியது அல்ல.

பங்கிராஸ் கரண்டியை நக்கிப் பார்த்தான். "புளி பச்ச வாடை அடிக்குதோ?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கோயில் வாசலில் மாதா கொடியோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. பங்கிராஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். வழியனுப்ப, செசிலியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேரி பின்னால் போனாள். வாசலில் நின்ற பிறகும் அவள் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மரிய அந்தோணி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். பேர் வந்தவர்கள் கொடிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"பங்கிராஸ் வீடு! வாடா, நேரமாச்சு."

பங்கிராஸ் செசிலிக்குக் கையை நீட்டினான். முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பத்தான் கேட்கிறான் என்று மேரி பிள்ளையைக் கொடுத்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் தலையில் ஏதோ மெத்தென்று பட்டது. அவனுடைய துண்டு, சும்மாடாகச் சுருட்டியிருந்தது. அதன்மேல் மூட்டை வந்து உட்கார்ந்தது. சாயாமல், ஆடாமல் உட்கார்ந்தது.

"என்னடா பண்றே?" என்றார் அண்ணன்.

"வீட்டுக்கு ஒரு ஆளுதானேண்ணே."

மேரி ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க... முந்தியே ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா, புள்ளைக்கு யாரு சோறு பொங்குவான்னு வீட்டுலயே நின்னுருப்பே."

கூட்டம் நகரத் தொடங்கியது. அவள் கால்கள் தாமாகவே அதோடு சேர்ந்துகொண்டன. பத்தடி போவதற்குள் பிள்ளையை இடுப்பில் இருத்தியபடி பங்கிராஸ் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏ மேரி, அந்தப் புளிய எப்ப ஊத்தணும்னு மட்டும் இன்னொருக்காச் சொல்லிட்டுப் போ!"