அதிகாரிக்குப் பிடித்த முழங்கால்

மேலதிகாரி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கணக்கரின் வலது முழங்காலை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்திருந்தார். மொத்த அலுவலகமும் வேலையைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"வலிக்குது சார்."

"சேர்ந்தாப்பலயா, விட்டு விட்டா?"

"விட்டு விட்டுத்தான் சார். சாயங்காலமானா கூடும் போலிருக்கு."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தினமும் இதே விசாரிப்புதான். "வேற எந்த ஆபீஸ்ல இப்படி ஒரு மனுஷன் இருக்கார்?" என்று தட்டச்சு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணக்கருக்குப் பல வருஷத்து வலி. படியிறங்கும்போது கைப்பிடியை விட்டால் தொலைந்தார். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் மேஜையை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒரு முனகல் முனகினால்தான் உடம்பு மேலே வரும்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எடையைக் குறைச்சு, பயிற்சி பண்ணினா கொஞ்சம் தாங்கும். ஊசி போட்டா சில மாசம் ஓடும். ஆனா நடுவுல இருக்கிற ஜவ்வு தேய்ஞ்சே போச்சு. மூட்டை மாத்திட்டா நிம்மதி. யோசிச்சுச் சொல்லுங்க."

கணக்கர் யோசித்தார். அதிகாரியிடமும் ஒரு வார்த்தை கேட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"ஆபரேஷனா? கத்தியே படக் கூடாது!" அதிகாரி பதறிப்போனார்.

"அப்ப ஊசி போட்டுக்கட்டுமா சார்?"

"ஊசி போட்டா மரத்துப் போயிடும்யா."

"வெறும் பயிற்சி?"

அதிகாரி தாடையைச் சொறிந்தார். "அதுல வலி குறையுமா?"

"குறையும்னுதான் டாக்டர் சொல்றார்."

"அப்ப அதுவும் வேண்டாம்."

கணக்கர் திருதிருவென்று முழிக்கவே, அதிகாரி அவர் தோளில் கை போட்டார். "மாடியில இருக்கிற மெஷின் எல்லாம் ரிப்பேரானாக்கூட நான் சமாளிச்சுடுவேன். நீங்க இல்லாம நமக்கு ஒரு நாள் ஓடாதுய்யா."

கணக்கர் அன்றைக்கே ஆபரேஷன் பேச்சை விட்டுவிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அந்த வாரமே அவருக்குச் சுழல் நாற்காலி வந்தது. காலையில் கூட்டிப் போக ஆபீஸ் காரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரி வீட்டுக்கே போன் போட்டு முழங்காலை விசாரித்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, "இன்னிக்கு வலியே இல்ல சார்" என்று கணக்கர் சிரித்தபடி சொன்னார். மறுநாள் காலை அதிகாரி தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. நேத்து மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு சார்."

"என்கிட்ட கேட்காம போடலாமா? என் மானமே போச்சுய்யா!"

இதைக் கேட்டு வீட்டில் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் பாசமா இருக்கட்டும், தங்கமா இருக்கட்டும். ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறது யாரு, அவரா? நீங்கதானே? பேசாம லீவைப் போடுங்க."

சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கணக்கர் சத்தம் காட்டாமல் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே மனைவி உட்கார்ந்திருந்தபோது, எப்படியோ விஷயம் தெரிந்து அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தங்கச்சி, ஆரம்பிச்சுட்டாங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் டாக்டரே வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சது. தையல் ஆறினப்புறம் அந்த மூட்டுல வலிக்கே இடமில்ல."

அதிகாரி அப்படியே பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "கொஞ்சங்கூட வலிக்காதா டாக்டர்?"

"கவலையே வேண்டாம்."

"எடுத்த பழைய மூட்டை எங்க வெச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் அப்புறப்படுத்தியாச்சு. நீங்க அவருக்கு அண்ணனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டாக்டர் போய்விட்டார்.

அதிகாரி முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். புருஷனைப் பார்க்கப் போக வேண்டியவள், இவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று.

"அழாதீங்க சார், அவர் நல்லாத்தான் இருக்கார். இருங்க, எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், முகத்தைச் சுளித்து இடது முழங்காலைத் தடவினாள்.

அதிகாரியின் அழுகை சட்டென்று நின்றது. "உனக்கும் முழங்கால் வலி இருக்காம்மா?"

"ஏன் சார் கேக்கறீங்க, காலையிலேர்ந்து ஒரே குடைச்சல்."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, "ஆமாங்க, வானிலை நிலையம்தான். அறிக்கை ரெடியாயிட்டே இருக்கு, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் பக்கம் குனிந்து, ஆசையாகக் கேட்டார்.

"சொல்லும்மா, லேசான மழையா, கனமழையா?"