வீராயி அக்கா கொடுத்த பாட்டில்

“பாட்டில்ல கொடுத்தது உங்க கிணத்துத் தண்ணி இல்ல. பொய்தானே சொன்னீங்க?”

மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிட்டேன். துணி பிழிந்துகொண்டிருந்த வீராயி அக்கா நிமிரவில்லை.

எண்பத்தேழு கோடை லீவு. ப்ளஸ் டூ எழுதிவிட்டு ஊர் சுற்றின எங்கள் மூன்று பேரையும் காலேஜ் வாத்தியார் பிலோமின்ராஜ் சார் ஒரு வேலையில் பிடித்துப் போட்டார். உறையூர்ப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவு இறங்கின தெருக்களில், வீட்டுக்கு வீடு கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் வாங்குவோம். லேபில் பார்த்துச் சொன்னதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம்.

ஏ.சி. ரூம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். சவரிநாதன் சிலுவை போட்டுக்கொண்டுதான் கீபோர்டைத் தொடுவான். டோரதி விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது ஆளுக்கொரு ஊர். அப்படி ஒரு லீவு இனி வராது.

முனிசிபாலிட்டிக்குக் கம்ப்யூட்டர் சொன்னதுதான் சட்டம். எல்லாக் கிணறும் கெட்டுப்போன தெருவுக்குக் காவிரிக் குழாய். ஒரு கிணறு நல்லதாக இருந்தாலும் குழாய் கிடையாது, அதிலேயே எல்லாரும் மொண்டுக்கணும்.

வீராயி அக்கா தெருவில் அத்தனையும் கெட்டது என்று வந்தது. கெட்ட கிணற்றில் சிவப்பு பெயின்ட் அடிக்க வந்தவன், தெருக்கோடியில் இருந்த அவர் கிணற்றில் வாளியை இறக்கினேன். கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒரு வாய் குடித்தேன். அவ்வளவு ருசி.

“பாட்டில்ல கொடுத்தது யார் வீட்டுத் தண்ணி?”

“மேலண்ட வீட்டு வள்ளிக்கண்ணுகிட்ட ஊத்தச் சொல்லி வாங்கினேன்.”

“இவ்வளவு நல்ல கிணத்தை வெச்சுக்கிட்டுக் குழாயும் வேணுமா? ஆசைக்கு ஒரு அளவு வேணாமாக்கா?”

“எனக்கு எதுக்குப்பா குழாய்?”

“பின்ன? நான் கம்ப்யூட்டர்ல மாத்தத்தான் போறேன். தெருவே உங்க கிணத்துல மொண்டுக்கட்டும்.”

சேலையை உதறிக் கொடியில் போட்டார்.

“மொள்ளட்டும்னுதான் போன கோடையில வாளியும் கயிறும் புதுசா வாங்கிப் போட்டேன். ஒருத்தரும் வரல தம்பி. வள்ளிக்கண்ணு புள்ள வயித்தால போயி துவண்டு கெடந்துச்சு, அப்பவும் வரல. எங்க சாதிக் கிணத்துல அவங்க மொள்ள மாட்டாங்க. அந்தச் சாயத் தண்ணியத்தான் வடிகட்டிக் குடிக்கிறாங்க.”

“அதுக்கு?”

“குழாயில வந்தா குடிப்பாங்கல்ல?”