சூறாவளி சுந்தரியின் கடைசி ஷாட்

கடைசி ஷாட்டுக்கு இரண்டு நிமிட ஃபிலிம்தான் பாக்கி இருந்தது.

"இது முடிஞ்சா வேற கெடையாது. ஒரே தடவைல வந்துரணும்" என்றான் நாகசுப்பிரமணியன்.

அவன் அருப்புக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த சின்ன சினிமாக் கேமராவை இரவல் வாங்கி, அந்த 1973 வைகாசியில், திருச்சுழி ரோட்டோரம் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

'சூறாவளி சுந்தரி' என்று படத்துக்குப் பெயர். முகமூடி மாட்டிக்கொண்டு பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிற சண்டைப்பட வீரர்களை எல்லாம் கேலி செய்கிற ஊமைப்படம்.

கதாநாயகன் ஒரு கோழைக் குமாஸ்தா. யாருக்காவது ஆபத்து என்றால் கருவேலம்புதருக்குப் பின்னால் ஓடுவான். சிவப்புச் சேலையும் கறுப்பு முகமூடியுமாகச் சுந்தரி வெளியே வருவாள். அப்புறம் அவளை யாராலும் அசைக்க முடியாது.

பந்தல்குடி லாரியை ஒற்றை விரலால் நிறுத்தியாயிற்று. லாரி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

வில்லன் கோட்டைச்சாமியை முந்தானையால் விசிறியே வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாயிற்று. தானாகத்தான் குதித்தான், முள் மட்டும் நிஜமாகத் தைத்தது.

இனி சுந்தரி புதருக்குப் பின்னால் போய், சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய குமாஸ்தாவாகத் திரும்பி வரவேண்டும். அதோடு சுபம்.

அந்த ஒரு ஷாட்டைப் பார்க்கவே அப்பய்யா எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

சுந்தரியாக நடித்தவளுக்கு அவர் அண்ணன். அப்பா போன பிறகு வளர்த்தவரும் அவர்தான். ஊரைப் பொறுத்தவரை அவள் சென்னய்யா. தறிக்காரர் வீட்டு இளையவன். சேலை கட்டி நடிக்க அண்ணன் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: முடிவில் ஆம்பிளையாகத் திரும்பி வந்துவிட வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு, பைக்குள் ஒரு சேலையோடு மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவளை இறக்கிக் கூட்டிப் போனவரும் அவர்தான். அன்றைக்கு வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகும் அதிகம் பேசியதில்லை.

புதருக்குப் பின்னால் குமாஸ்தாவின் கோட்டும் மூக்குக்கண்ணாடியும் முள்ளில் தொங்கின.

அவள் கொசுவத்தில் கை வைத்தாள். எட்டு நாளாகக் கட்டியும் அவிழ்த்தும் பழகிய சேலை. இன்றைக்கு அவிழ்த்தால் இனி எப்போது கட்டுவது?

"வாப்பா, வெளிச்சம் போகுது!" என்று நாகசுப்பிரமணியன் கத்தினான்.

அவள் முகமூடியை மட்டும் கழற்றினாள். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையோடே வெளியே வந்தாள்.

வேடிக்கை பார்க்க நின்ற ரெட்டியபட்டிக் கூட்டம் ஒரு நிமிடம் முழித்தது. பிறகு சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"ஏத்தா, எனக்கே இம்புட்டு நறுவிசா கட்ட வராதே!" என்றாள் பருத்தி எடுத்துவிட்டு வந்த ராக்கம்மாள்.

சேலையில் நின்றவள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணனை மட்டும் பார்த்தாள்.

"அண்ணே, நான் இதுலயே இருக்கேனே."

சிரிப்பு அடங்கிவிட்டது. நாகசுப்பிரமணியன் கேமராவை இறக்கினான். "அப்ப குமாஸ்தா எங்கடா போனான்? கதை முடியணும்ல?"

அப்பய்யா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். கண்மாய்க்குள் இறங்கி வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கையிலிருந்த கோட்டு மட்டும் போயிற்று.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். தோள் பிடிக்கவில்லை. முள்ளில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். குமாஸ்தாவின் ஒட்டுமீசை அவருக்குத் தேவைப்படவில்லை.

"குமாஸ்தா நானு. அவ அவளாவே இருக்கட்டும். மிசினை ஓட்டுப்பா."

வீட்டில் பேசுகிற கன்னடத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்குகிற தமிழில் சொன்னார்.

கேமரா கிர்ரென்று ஓடியது. சுந்தரியும் குமாஸ்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பக்கத்துப் பக்கத்தில் கண்மாய்க் கரையேறி நடந்தார்கள். அப்பய்யா, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அணிவகுப்பில் போகிற போலீஸ்காரர் மாதிரி வீசிக்கொண்டு போனார். ராக்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முள் குத்திய காலோடு கோட்டைச்சாமியும் கைதட்டினான்.

சுந்தரியும் சிரித்தாள். கண்ணில் வழிந்த மை கன்னத்துக்கு வந்திருந்தது.

இன்னும் பத்து விநாடி ஃபிலிம் மிச்சம் இருந்தது. அதில் நடித்தவர்கள் பெயரைப் படம் எடுத்துவிடலாம் என்று நாகசுப்பிரமணியன் கரும்பலகையைத் தூக்கி வந்தான். முதலில் கதாநாயகி. சாக்பீஸை வைத்துக்கொண்டு யோசித்தான்.

"சேலையோட முடிஞ்சிருச்சு. இப்பப் போயி சென்னய்யான்னா எழுத?"

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் அண்ணன் சொன்னார். "கஸ்தூரின்னு போடு."

அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஓர் இடத்தில் எழுதியிருந்தாள்: தன் தறிக்கு அடியில், நெய்கிறவர் காலை விடுகிற குழிக்குள் குனிந்தால் மட்டும் தெரிகிற ஒரு கட்டையில், கரித்துண்டால்.

ஆயுத பூஜைக்கு வீட்டுத் தறிகளை எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறவர் அப்பய்யா. மூன்று பூஜை போயும் அந்தக் கட்டையை மட்டும் அவர் துடைக்கவில்லை.